கணக்கில் வராத ஹாஃப்பேக்

புக்கிட் ஜாலில் அரங்கில் பெரிய ஆட்டம் இருக்கும் இரவுகளில் ஸ்ரீ கெம்பாங்கான் மாமாக் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. தே தாரிக் ஆறிப் போவது தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் எண்பதைத் தாண்டிய தாத்தா யாராவது இருந்தால், "அந்தக் காலத்துல நீங்க எந்த எடத்துல ஆடுனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "லெஃப்ட் ஹாஃப்" என்பார், சற்றுப் பெருமையோடு. பக்கத்தில் இருக்கும் பேரன் விழிப்பான். அவனுக்கு விங்கரைத் தெரியும், ஸ்ட்ரைக்கரைத் தெரியும், டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் என்று மூச்சு விடாமல் சொல்லவும் தெரியும். ஹாஃப் மட்டும் தெரியாது.

ஒரு காலத்தில் ஒவ்வோர் அணியிலும் மூன்று பேர் சுமந்த பெயர் அது. ஆட்டம் மாறினால் பெயர் மாறுவதில் வியப்பில்லை. ஆனால் இந்தப் பெயரோடு சேர்ந்து ஆட்களும் மறைந்துவிட்டார்கள். 1940களிலிருந்து 1960கள் வரை ஹாஃப்பேக்காக ஆடிய ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் கோல் கணக்கு இருக்காது, ஏனென்றால் கோல் அடிப்பது அவர் வேலையாக இருக்கவில்லை. பழைய நாளிதழில் பதினொரு பெயர்களுக்கு நடுவே அவர் பெயர் கிடைக்கும். குழுப்படத்தில் ஒரு முகம் கிடைக்கும். அதற்கு மேல் தோண்ட வேண்டுமென்றால் திடலை விட்டு வெளியே வர வேண்டும். அவர் என்ன படித்தார், எங்கே வேலைக்குப் போனார், ஆட்டத்தை எப்போது, எதற்காக விட்டார் என்று தேட வேண்டும். அப்படித் தேடினால் கோல் அடித்தவர்களின் கதைகளைவிடச் சுவையான கதைகள் அகப்படுகின்றன.

முதலில் அந்த இடம் எது என்று பார்த்துவிடலாம்.

பழைய காற்பந்து அணி கூம்பு வடிவில் நின்றது. கோல்காவலருக்கு முன்னால் இரண்டு பேக், அவர்களுக்கு முன்னால் மூன்று ஹாஃப், அதற்கும் முன்னால் ஐந்து ஃபார்வர்ட். சட்டை எண்ணும் அந்த வரிசையிலேயே வந்தது. 2, 3 என்றால் பேக். 4, 5, 6 என்றால் ஹாஃப். வலது ஹாஃபும் இடது ஹாஃபும் எதிரணியின் ஓரத்து ஆட்டக்காரர்களை மறித்து, பந்தைப் பறித்து, முன்வரிசைக்கு ஊட்டிவிட வேண்டும். 5ஆம் எண்காரரான சென்டர் ஹாஃப்தான் அணியின் முதுகெலும்பு. முன்னேறித் தாக்குவதும் பின்வாங்கித் தடுப்பதும் அவர் பொறுப்பு. 1925இல் ஆஃப்சைட் விதி மாறியது. ஃபார்வர்டுகளுக்கு வழி திறந்துவிட்டதைக் கண்ட அணிகள் சென்டர் ஹாஃபை இழுத்து இரண்டு பேக்குகளுக்கு நடுவே நிறுத்தின. லண்டனின் ஆர்செனல் அணியை நடத்திய ஹெர்பர்ட் சாப்மேன் இந்த மாற்றத்தால் பேர்பெற்றார். பிறகு 1958இல் பிரேசில் 4-2-4 என்று ஆடி உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது, ஹாஃப் வரிசை என்ற ஒன்றே கலைந்துபோனது. ஒரு பகுதி பின்னால் போய் டிஃபெண்டர் ஆனது. மிச்சம் மிட்ஃபீல்டர் ஆனது.

கையால் பந்தை அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் காற்பந்திலும் ஹாஃப்பேக் உண்டு. முன்னால் முட்டி நிற்கும் வரிசையிலிருந்து எவ்வளவு தூரம் பின்னால் நிற்கிறார் என்பதை வைத்துக் கால், அரை, முழு என்று பெயர் வைத்தார்கள்: குவார்ட்டர்பேக், ஹாஃப்பேக், ஃபுல்பேக். இரண்டு ஆட்டங்களும் ஒரே குடும்பத்துப் பெயரைப் பங்கு போட்டுக்கொண்டன; வேலையை மட்டும் வேறுவேறாகப் பிரித்துக்கொண்டன. அமெரிக்க ஹாஃப்பேக் மறிப்பவரல்லர். பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர். அவர் ஓடிய ஒவ்வொரு கெஜத்தையும் அங்கே அளந்து எழுதிவைத்தார்கள்.

ஆலி மேட்சன் நல்ல எடுத்துக்காட்டு. 1930இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பின ஆட்டக்காரர். 1951இல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணிக்காக ஒரே பருவத்தில் 1,566 கெஜம் ஓடினார். அந்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர் வேறு எவரும் அத்தனை ஓடவில்லை. ஆடிய 9 ஆட்டங்களிலும் அணி வென்றது. பருவம் முடிந்து நடக்கும் பெருமைமிக்க ஆட்டத்துக்கு அழைப்பு வருவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: மேட்சனும் பர்ல் டோலரும், அதாவது அணியின் இரண்டு கறுப்பினத்தவரும், ஊரிலேயே இருந்துவிட வேண்டும். வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் உட்பட மொத்த அணியும் மறுத்துவிட்டது. அத்தோடு பல்கலைக்கழகமும் செலவு தாங்காமல் காற்பந்து அணியைக் கலைத்தது. ஒரு தோல்வியும் காணாமல் கலைந்த அணி அது.

அடுத்த ஆண்டு மேட்சன் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனார், ஓட்டக்காரராக. 400 மீட்டரில் வெண்கலம், 4x400 தொடரோட்டத்தில் வெள்ளி. ஊர் திரும்பியதும் தொழில்முறை ஆட்டம். 1959இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அவர் ஒருவருக்காக ஒன்பது பேரை ஈடாகக் கொடுத்து வாங்கியது. அந்தப் பேரத்தை முடித்த மேலாளர் பீட் ரோசெல், பழைய சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணிக்குச் செய்தித் தொடர்பாளராக இருந்தவர்தான். மேட்சன் ஓய்வு பெற்றபோது அவர் பெயருக்கு எதிரே 12,799 கெஜம் என்று எழுதப்பட்டிருந்தது. 1972இல் புகழ்க்கூடத்தில் இடம் கிடைத்தது. ஆனால் கெஜக் கணக்கு சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. கடைசி ஆண்டுகளில் அவர் நினைவாற்றல் இழந்து கிடந்தார். 2011இல் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தவர்கள், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் நோய் முற்றியிருந்ததைக் கண்டார்கள். எத்தனை கெஜம் ஓடினார் என்று எண்ணியவர்கள், எத்தனை முறை தலையில் அடி வாங்கினார் என்று எண்ணவில்லை.

மேட்சன் பதக்கம் வாங்கிய அதே ஹெல்சிங்கியில் இந்தியக் காற்பந்து அணியும் இருந்தது. யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றுத் திரும்பியது. அந்த அணியில் ஆடியவர்களில் டி. சண்முகம் என்று பெங்களூருத் தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. இந்தியா அன்று வாங்கிய பத்து கோலும் விளையாட்டு வரலாற்றில் பத்திரமாக இருக்கின்றன. சண்முகத்தைப் பற்றித் தமிழில் படிக்க ஒரு பக்கம் தேடினால் தலை சுற்றிப்போகும்.

இதற்கு நேர்மாறாகத் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜைப் பாருங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக் காற்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் இன்று வரை அதுதான். ஒவ்வொரு ஒலிம்பிக் ஆண்டிலும் யாராவது ஒருவர் அவரை நினைவுகூர்ந்து எழுதிவிடுகிறார். பின்னாளில் பயிற்றுநராகக் கேரளத்துக்கு 1973இல், மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையை முதல்முறையாக வாங்கிக் கொடுத்தவரும் அவரே. தகுதியான மனிதர்தான், குறையொன்றும் இல்லை. ஆனால் அவரை நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு கோல்.

ஹாஃப்பேக்குகளில் ஒருவருக்கு மட்டும் இந்த விதி தவறியது. அவர் தலிமெரன் ஆவ்.

1918 ஜனவரி 28இல் நாகா மலையில் சாங்கி என்ற ஊரில் பிறந்தார். அப்பா கிறித்தவப் போதகர், வீடு நிறையப் பிள்ளைகள். 1935இல் டைஃபாய்டு அப்பாவைக் கொண்டுபோனது. மகன் டாக்டராகித் தன் மக்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆவின் வாழ்க்கை முழுவதையும் அந்த ஆசை இழுத்துக்கொண்டு போனது. காற்பந்து வழியில் வந்து சேர்ந்த விருந்தாளிதான். ஜோர்ஹாட்டில் பள்ளி, குவாஹாட்டி காட்டன் கல்லூரியில் படிப்பு, மகாராணா கிளப்பில் ஆட்டம். பிறகு கல்கத்தாவுக்கு மருத்துவம் படிக்கப் போனார். 1943இல் மோகன் பகான் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஃபார்வர்டாக இருந்தவரை ஹாஃபாக்கியது அந்தக் கிளப்தான். உயரமும் உடற்கட்டும் உள்ளவர் நடுவில் நின்றால் எதிரணிக்குக் கதவு அடைபடும் என்று யாரோ சரியாகக் கணித்திருக்கிறார்கள். பகலில் உடற்கூற்று வகுப்பு, மாலையில் மைதானம் என்று ஆண்டுகள் ஓடின. எம்.பி.பி.எஸ். முடிக்க 1950 ஆகிவிட்டது. காற்பந்து இல்லையென்றால் இன்னும் முன்னதாக முடித்திருப்பார் என்று ஊகிப்பதில் தவறில்லை.

1948இல் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் காற்பந்து அணிக்கு அவர் தலைவர். லண்டன் தொடக்க விழாவில் நாட்டின் கொடியைச் சுமந்து நடந்தவரும் அவரே. இன்றும் இந்திய வரைபடத்தில் தன்னைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு மலை மக்களின் பிள்ளை, புதிய நாட்டின் கொடியோடு வெம்பிளிக்குள் நுழைந்தார்.

ஜூலை 31ஆம் தேதி லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில் பிரான்சோடு ஆட்டம். இந்திய அணியில் பெரும்பாலோர் காலில் பூட் இல்லை. வெறுங்காலில் துணிக்கட்டு மட்டும். 30ஆவது நிமிடத்தில் பிரான்சுக்கு ஒரு கோல். 70ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் பதிலடி கொடுத்தார். ஒலிம்பிக் காற்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் பிரான்ஸ் இன்னொன்று அடித்து 2-1 என்று வென்றது. தோற்ற அணிக்கு எழுந்து கைதட்டினார்கள் லண்டன் ரசிகர்கள். பூட் இல்லாமல் ஏன் ஆடினீர்கள் என்று கேட்ட செய்தியாளரிடம், நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால் என்று ஆவ் சிரித்துக்கொண்டே சொன்னதாகக் கதை நிலைத்துவிட்டது. ஆர்செனல் அவரை அழைத்தது என்றும், படிப்பை விட மனமில்லாமல் மறுத்தார் என்றும் சொல்வார்கள். அழைப்பு எவ்வளவு தூரம் உண்மையோ, மறுத்திருப்பார் என்பதை நம்பலாம். அவர் பிற்கால வாழ்க்கையே அதற்குச் சாட்சி.

பட்டம் வாங்கியதும் ஆவ் கல்கத்தாவை விட்டுக் கிளம்பினார். 1951இல் டெல்லியில் முதல் ஆசியப் போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. மூன்றாண்டுக்கு முன் கொடி பிடித்த தலைவர் அந்த அணியில் இல்லை. திப்ருகர் மருத்துவக் கல்லூரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இருந்தார். 1953இல் கோஹிமாவுக்கு மாற்றல். நாகாலாந்து தனி மாநிலமானபின் அதன் சுகாதாரத்துறை இயக்குநராக உயர்ந்து 1978இல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பரில் மறைந்தார். 2009இல் வடகிழக்கு மாநிலங்களுக்கிடையே அவர் பெயரில் ஒரு காற்பந்துப் போட்டி தொடங்கப்பட்டது.

ஆக, ஆவ் நினைவில் நிற்பதற்கு அவர் மறித்த பந்துகள் காரணமல்ல. கொடி, ஒரு வேடிக்கைப் பேச்சு, டாக்டர் பட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து அவரைக் காப்பாற்றின. இல்ஃபோர்டில் அவரோடு தோளோடு தோள் நின்ற மற்ற ஹாஃப்பேக்குகளின் பெயரை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்?

மலாயாவுக்கு வருவோம். 1957இல் சுதந்திரத்தோடு மெர்டேக்கா கிண்ணப் போட்டியும் பிறந்தது. 1959இல் அந்தக் கிண்ணத்தை மலாயாவே வென்றது, இந்தியா இரண்டாமிடம். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம், மலாயாவுக்கு வெண்கலம். அந்தத் தலைமுறையிலிருந்து மலேசியர் எவரும் சட்டென்று சொல்லும் பெயர் அப்துல் கனி மின்ஹாட், 'ராஜா போலா'. ஃபார்வர்ட். அடுத்த தலைமுறையிலிருந்து மொக்தார் டஹாரி, 'சூப்பர் மொக்'. அவரும் ஃபார்வர்ட், நாட்டுக்காக 89 கோல்.

இவர்களுக்குப் பின்னால் நின்றவர்களில் எம். சந்திரன் முக்கியமானவர். பழைய சென்டர் ஹாஃப் பின்வாங்கி நடுத் தற்காப்பு ஆட்டக்காரராக மாறினார் என்று மேலே பார்த்தோமே, அந்த இடத்தின் நேர் வாரிசு அவர். சிலாங்கூர் ஆட்டக்காரர். 1971இல் சியோலில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று. மலேசியா ஜப்பானை 3-0, தென்கொரியாவை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என்று வீழ்த்தி மியூனிக்குக்குப் போக வழி செய்துகொண்டது. கொரியாவுக்கு எதிராகத் தலையால் முட்டிக் கோல் அடித்த சையது அகமதுவைப் பழைய ரசிகர்கள் மறக்கவில்லை. அந்தச் சுற்று முழுவதிலும் மலேசியா ஒரு கோல்கூட வாங்கவில்லை என்பதைத்தான் மறந்துவிட்டார்கள். விழாத கோலுக்கு ஏது பெயர்ப்பலகை!

1972 மியூனிக்கில் மலேசிய அணிக்குச் சந்திரன் தலைவர். மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6. நடுவில் ஒரு வெற்றி: அமெரிக்காவை 3-0. மேட்சனுக்குப் புகழ்க்கூடத்தில் இடம் கொடுத்த அதே ஆண்டில், வேறு வகைக் காற்பந்தில் அந்த நாட்டை மலேசியர்கள் மண்ணைக் கவ்வ வைத்தார்கள். மலேசியா ஒலிம்பிக் காற்பந்தில் ஆடியது அந்த ஒரு முறைதான். 1980 மாஸ்கோவுக்கும் தகுதி பெற்றது. மெர்டேக்கா அரங்கில் கொரியாவை 2-1 என்று வென்றபோது ஊரே துள்ளியது. ஆனால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததால் அரசாங்கம் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அந்த 1980 அணியின் கோல்காவலர் போர்ட் கிள்ளானில் பிறந்த ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' ஆனவர். 1988 டிசம்பரில் 35 வயதில் சாலை விபத்தில் போய்விட்டார். 2016இல் வந்த 'ஓலா போலா' படத்தில் கோல்காவலர் முத்துவைப் பார்த்த இன்றைய பிள்ளைகளுக்கும் அவர் யாரென்று தெரியும்.

ஃபார்வர்டுக்குக் கோல், கோல்காவலருக்குப் பட்டப்பெயரும் படமும். இரண்டுக்கும் நடுவே ஒலிம்பிக் அணிக்கே தலைமை தாங்கிய சந்திரனைப் பற்றிக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். இது அவர்கள் குற்றமல்ல. யாரும் சொல்லவில்லை.

நாட்டு அணிக்கு ஆடியவருக்கே இந்த நிலை என்றால் தோட்ட அணிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரப்பர்த் தோட்டங்களில் கோயிலும் கள்ளுக்கடையும் போலத் திடலும் ஒன்று இருந்தது. விடிவதற்கு முன் மரம் சீவப் போனவர்கள், பால் நிறுத்துக் கொடுத்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, வெயில் தாழ்ந்ததும் திடலுக்கு வருவார்கள். பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் கிராணி விசில் ஊதுவார், துரை கிண்ணம் கொடுப்பார். அப்போது சம்பளத்துக்குப் பந்தாடும் ஆள் எவரும் இல்லை. மலேசியாவில் அரைத்தொழில்முறை லீக்கே 1989இல்தான் வந்தது, முழுத் தொழில்முறை 1994இல். அதற்கு முன் ஆடியவர்கள் எல்லாரும் போலீஸ், ரயில்வே, அரசாங்க அலுவலகம், பள்ளிக்கூடம், தோட்டம் என்று எங்கோ ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டுதான் ஆடினார்கள். கோல் அடித்தவன் பெயர் அடுத்த தோட்டம் வரை போகும். ஹாஃபாக ஓடி ஓடி மூச்சு வாங்கியவன் மறுநாள் காலை வழக்கம்போல மரத்தடிக்குப் போவான்.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயின. மக்கள் பட்டணத்துக்கு நகர்ந்தார்கள். திடல்களோடு அணிகளும் போயின. புக்கிட் ஜாலிலே ஒரு ரப்பர்த் தோட்டம்தான். 1998 காமன்வெல்த் போட்டிக்காக அங்கே தேசிய அரங்கம் எழுந்தது. 2010 டிசம்பர் 26ஆம் தேதி அதே அரங்கில் மலேசியா இந்தோனேசியாவை 3-0 என்று சாய்த்தது. மூன்று நாளில் ஜகார்த்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 1-2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் முதல்முறையாக ஆசியான் கிண்ணத்தை வென்றது. அணியை நடத்திய பயிற்றுநர் கே. ராஜகோபால். செத்தாபாக்கில் பிறந்து, சிலாங்கூர் முன்வரிசையில் ஆடி 'கிங் ராஜா' என்று பெயர் வாங்கியவர். அவரும் முன்வரிசைக்காரர்தான், கவனித்தீர்களா?

புள்ளிவிவரம் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் நிலைமை சற்று மாறியிருக்கிறது. நடுத்திடல்காரர் எத்தனை பந்து பறித்தார், எத்தனை கிலோமீட்டர் ஓடினார் என்றெல்லாம் திரையில் காட்டுகிறார்கள். அறுபது ஆண்டுக்கு முன் ஆடியவர்களுக்கு அந்தக் கணக்கை இனிமேல் எடுக்க முடியாது. அவர்கள் ஆட்டம் படச்சுருளிலும் இல்லை. எஞ்சியிருப்பவை வீட்டுச் சுவரில் தொங்கும் குழுப்படங்கள்தான். நடுவில் தலைவர் உட்கார்ந்திருப்பார், காலடியில் பந்து, பந்தின் மேல் வெள்ளை எழுத்தில் ஆண்டு. பின்னால் கைகட்டி நிற்பவர்களில் யார் ஹாஃப், யார் பேக் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஸ்ரீ கெம்பாங்கானிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால், இந்த வாரம் அதைச் சுவரிலிருந்து இறக்குங்கள். தாத்தாவை உட்கார வைத்து ஒவ்வொரு முகத்தையும் காட்டிக் கேளுங்கள். பெயர், ஆடிய இடம், செய்த வேலை, தோட்டத்தின் பெயர் ஆகியவற்றைப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.